யாளிக்கு வைத்த கண்

கூத்தாநல்லூரில் கல் வேலை ஜெக்கரியா என்றால் தெரியாதவர்கள் கிடையாது. திருவாரூர் நகைக்கடைக்காரர்களில் தொடங்கி நாகூரில் மோதிரக்கல் விற்கிறவர்கள் வரை அந்தப் பெயரைச் சொல்வார்கள். கல்லிலே கொடி ஓட விடுவார், பூ மலர வைப்பார், பச்சைக்கல்லில் பிறை வெட்டுவார் என்று பேச்சு. அந்தப் பேச்சில் பாதி உண்மை. கொடி ஓடியது, பூவும் மலர்ந்தது. ஆனால் ஜெக்கரியா தன் ஆயுளில் ஒரு கல்லைக்கூட வெட்டியதில்லை. எல்லாவற்றையும் வெட்டியது அவருடைய மனைவி ரஹ்மத் பீவி.

ரஹ்மத் பீவி பிறந்தது ரங்கூனில். அவளுடைய அத்தா அங்கே கெம்புக்கல் வெட்டிப் பிழைத்தவர். ஆண்பிள்ளை இல்லை. வெளியாளை வைத்தால் கல்லை மாற்றிவிடுவான் என்று பயந்து, மகளையே பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டார். அவள் இடதுகைக்காரி. மணிக்குத் துளை போடும்போது ஒரு பக்கம் பாதி, திருப்பிப் போட்டு மறுபக்கம் பாதி என்று குடைவார்கள். இரண்டும் நடுவில் நேராகச் சந்திக்க வேண்டும். அவள் குடைந்தால் இரண்டாவது பாதி ஒரு இழை சாய்ந்துதான் வந்து சேரும். "கோணக்கை" என்று அத்தா திட்டுவார். மற்ற எல்லாம் கைவந்த பிறகும் அந்தச் சாய்வு மட்டும் போகவில்லை.

பர்மாவில் கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது, கைலி வியாபாரம் பண்ணிக்கொண்டிருந்த ஜெக்கரியா பெண்டாட்டியோடு கப்பலேறி ஊருக்கு வந்தார். கையில் ஒன்றும் இல்லை. தலையணைப் பஞ்சுக்குள் வைத்துத் தைத்துக் கொண்டுவந்த அவளுடைய துளை போடுகிற வில்லும் ஊசிகளும்தான் சொத்து. ஆனால் அந்நிய ஆண் முன்னால் வராத கோஷா வீட்டுப் பெண்ணிடம் எவன் வந்து கல்லைக் கொடுப்பான்? அதனால் முன் அறையில் ஜெக்கரியா உட்கார்ந்தார். கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு கல்லைத் தூக்கி வெளிச்சத்தில் பிடிப்பார். "இது கொஞ்சம் முரண்டு புடிக்கிற கல்லு, வழிக்குக் கொண்டாரணும்" என்பார். திரைக்குப் பின்னால் ரஹ்மத் பீவி சிரிப்பை அடக்கிக்கொண்டு அரக்கை இளக்குவாள். எங்கே கற்றாரோ, அந்த மனிதருக்கு வாய் அப்படி. மாலையில் அதே மனிதர் நல்லெண்ணெயைச் சூடு பண்ணிக் கொண்டுவந்து அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிடுவார். பொய் சொல்லிப் பிழைத்த புருஷன்தான். ஆனால் அவளுக்கு அவர்மேல் உயிர்.

ஒரு மிராசுவின் கைத்தடி விவகாரம் வந்தது நில உச்சவரம்புச் சட்டம் வந்த சமயத்தில். பதினைந்து ஏக்கருக்கு மேல் ஒருவன் வைத்துக்கொள்ளக் கூடாது என்று சென்னையில் சட்டம் போட்டார்கள். தஞ்சாவூர் ஜில்லாவின் பெரிய மிராசுகள் பயந்தா போனார்கள்? சமையல்காரன் பேரில், சம்பந்தி பேரில், செத்துப்போனவன் பேரில், இல்லாத கோயில் பேரில் நிலத்தை எழுதிவைத்துவிட்டு வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள். இலுப்பைக்கோட்டகத்து மிராசு அந்த வித்தையில் கைதேர்ந்தவர். நிலத்தை மறைத்தது போக, மீதியைக் கண்ணுக்கு அழகான பொருளாக மாற்றிக்கொள்ளும் ஆசையும் அவருக்கு உண்டு. கல் பதித்த வெற்றிலைப்பெட்டி, முத்து கோத்த விசிறிப் பிடி என்று வீடு நிறையச் செய்து வைத்திருந்தார். கடைசியாகக் கைத்தடிக்குப் பூண் கேட்டார். தங்கப் பூண் இல்லை, கல்லில் யாளித்தலை.

வல்லத்தில் எடுத்த பளிங்குக்கல்லை, இளநீர் வழுக்கை மாதிரித் தெளிவானது, ஒரு கை நிறைகிற அளவுக்கு வாங்கி அனுப்பினார். ரஹ்மத் பீவி ஒரு குறுவை, ஒரு தாளடி முழுக்க அதோடு மல்லுக்கட்டினாள். உயிருள்ளதன் உருவம் செய்யலாமா என்று பள்ளிவாசலில் ஒருத்தர் கேட்டதற்கு, "யாளின்னு ஒரு மிருகம் உலகத்துலயே இல்லியே பாய், இல்லாததுக்கு ஏது உசிரு?" என்று ஜெக்கரியா மடக்கிவிட்டு வந்தார். கோயில் தூண் யாளிகளைப் போலவே இதன் வாய்க்குள்ளும் ஒரு உருண்டை. வெளியே எடுக்க முடியாது, உள்ளேயே உருளும். கண்களுக்கு இரண்டு பர்மா கெம்பு. கல்லுக்கு அடியில் மெல்லிய வெள்ளித் தகடு வைத்து, காற்றுகூடப் புகாமல் அரக்கால் அடைத்தாள். தகடு கொடுக்கிற பளபளப்பில்தான் கண் எரியும். தகட்டில் தண்ணீர் பட்டால் கல் அந்த நிமிஷமே செத்துவிடும்.

மிராசுவை அவள் பார்த்ததே இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை மெருகுக்கு வரும் தடியை வைத்துத்தான் அவரைத் தெரியும். பிடித்து ஊன்றுகிற தடி என்றால் பிடரி தேயும். இதில் பிடரி புதிதாகவே இருந்தது, கீழ்த்தாடையில்தான் கீறல். இந்த மனிதர் தடியை ஊன்றுவதில்லை, திருப்பிப் பிடித்து ஓங்குகிறார் என்று அவளுக்குப் புரிந்தது. "அந்த ஆளு வீட்டுக்கு நீங்க அடிக்கடி போவாதீங்க" என்று மட்டும் புருஷனிடம் சொல்லி வைத்தாள்.

ஜெக்கரியா வீட்டுக்குக் கொல்லைப்பக்கமாக வந்துபோகிறவள் ராசம்மாள். இலுப்பைக்கோட்டகத்துச் சேரி. உமியைக் கருக்கி உமிக்கரியாகக் கூடையில் கொண்டுவருவாள். கல்லை விளக்க அதுதான் வேண்டும். அவளுடைய புருஷன் மருதையன், மிராசு பண்ணையில் தண்ணீர் பாய்ச்சுகிறவன். எந்த மடையில் எந்த வயலுக்குத் தண்ணீர் போகிறது, எந்த வயல் யார் பேரில் இருக்கிறது, உண்மையில் யாருடையது என்று அவனுக்கு விரல்நுனியில் அத்துப்படி. அதுதான் வினையாயிற்று. வெண்மணியில் குடிசைக்குள் வைத்து ஆட்களைக் கொளுத்திய சூடு இன்னும் ஆறவில்லை. சாலையெல்லாம் போலீஸ் நின்றது. சிவப்புக்கொடி கட்டிய தெருக்களில் பொழுது சாய்ந்தால் ஆண்கள் தனியாக நடப்பதில்லை. அப்படிப்பட்ட காலத்தில் மருதையன் சங்கக் கூட்டத்தில் எழுந்து, தாசில்தார் வரட்டும், பினாமி வயல் எது எதுன்னு மடை மடையா நின்னு காட்டுறேன் என்று சொல்லிவிட்டான்.

"வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டேங்குதும்மா அது" என்று ராசம்மாள் அழுதாள். ரஹ்மத் பீவி நாகூர் மோதிரத்துக்கென்று வாங்கி வைத்திருந்த சிவப்புக்கல்லில் ஒரு மணி கடைந்து, துளை போட்டு அவளிடம் கொடுத்தாள். "கறுப்புக் கயித்துல கோத்து அவரு கழுத்துல கட்டு. காவலா இருக்கட்டும்."

தாசில்தார் வருவதற்கு முந்தின நாள் மருதையன் வாய்க்காலில் மிதந்தான். குடித்துவிட்டுத் தவறி விழுந்தான் என்று போலீஸ் சொன்னது. அவன் கள்ளு வாசனை பிடிக்காதவன் என்று ஊருக்கே தெரியும். ஊர் சொல்வதை யார் கேட்டார்கள்?

காரியம் முடிந்ததும் ராசம்மாள் வழக்கம்போல உமிக்கரியோடு வந்தாள். கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கொல்லைப்படியில் உட்கார்ந்தாள்.

"பீவிம்மா, நீங்க குடுத்த மணியக் காணமுங்க. கயிறே இல்ல கழுத்துல. கயிறு இருந்த எடத்துல செவப்பாத் தடம் மட்டும் கெடந்துச்சு. தவறி வுழுந்தவனுக்குக் கயிறு எப்புடிம்மா அறும்?"

ரஹ்மத் பீவி எழுந்து உள்ளே போய் வந்தாள். ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்துவிட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

அந்த வாரமே மிராசுவின் காரியஸ்தர் ரெத்தினம் தடியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு முன் அறைக்கு வந்தார்.

"ராவுத்தரே, ஒரு கண்ணு பொட்டையாப் போச்சு பாருங்க. உருண்டையும் உருள மாட்டேங்குது. ஐயாவுக்கு ரொம்ப வெசனம்."

"தண்ணி பட்டுதா?" என்று ஜெக்கரியா கேட்டார். அந்தக் கேள்வியை அவருக்குச் சொல்லிக்கொடுத்தது ரஹ்மத் பீவிதான். கண் மங்கி வந்தால் முதலில் அதைத்தான் கேட்க வேண்டும்.

"பீரோவுல இருந்ததுல தண்ணி எங்கேருந்து படும்? ஒங்க வேலைதான் சரியில்ல" என்று சொல்லிவிட்டு ரெத்தினம் போய்விட்டார்.

இங்கேதான் ரஹ்மத் பீவி ஒரு தப்புச் செய்தாள். தப்பென்றுகூடச் சொல்ல முடியாது, கைப்பழக்கம். எந்தப் பொருள் வந்தாலும் முதலில் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டு, உமிக்கரியால் விளக்கி, அழுக்கை ஊற்றிவிட்டுத்தான் கண்ணால் பார்ப்பாள். அப்படித்தான் இதையும் செய்தாள். யாளியின் பல்லிடுக்கில் கறுப்பாக ஏதோ நூல் போலச் சுற்றிக்கொண்டிருந்தது. அதுவும் கழுவின தண்ணீரோடு கொல்லையில் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் கண்ணைக் கழற்றினாள். அடியில் வாய்க்கால் வண்டல், கறுப்பாக, ஈரம் காயாமல். பீரோவுக்குள் வண்டல் எப்படி வரும்?  உருண்டையை ஊசியால் நகர்த்தினாள். அதன் பின்னால் ஏதோ செருகிக்கொண்டிருந்தது. நெம்பினாள். சிவப்பாக ஒரு சில்லு உள்ளங்கையில் விழுந்தது.

உடைந்த மணி. பாதி. உடைந்த இடத்தில் துளை நெடுக்கத் திறந்து கிடந்தது. இரண்டு பக்கமிருந்து குடைந்த துளை. நடுவில் ஒரு இழை சாய்வு.

தன் கைவேலையை அவளே அடையாளம் கண்டாள்.  அந்த யாளிக்கு வாயைத் திறந்துவைத்தது அவள். பல்லைக் கூர்மையாக வெட்டியதும் அவள்தான். அந்த வாயில் ஒருவனுடைய கழுத்துக்கயிற்றை மாட்டி முறுக்கித் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்திருக்கிறார்கள். காவலுக்கென்று கொடுத்த மணியே அவனை உள்ளே இழுத்திருக்கிறது. யா அல்லா, யா அல்லா என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

புருஷனிடம் உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் வாயில் எதுவும் தங்காது. டீக்கடைவரை போனால் போதும், ஊருக்கே தெரிந்துவிடும். சில்லை முந்தானையில் முடிந்துகொண்டு பேசாமல் இருந்துவிட்டாள். அடுத்து என்ன செய்வது என்று யோசிக்க ஒரு நாள் வேண்டும் என்று நினைத்தாள். அந்த ஒரு நாளை ரெத்தினம் கொடுக்கவில்லை. மறுநாள் காலையிலேயே வந்து நின்றார்.

"வேலை ஆச்சா ராவுத்தரே? வாய்க்குள்ள ஏதாச்சும் கெடந்துதா?"

சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் கேட்டுவிட்டு மூச்சுவிடாமல் நின்றார். திரைக்குப் பின்னால் ரஹ்மத் பீவியும் மூச்சுவிடவில்லை. ஒன்றுமில்லை என்று சொல்லுங்களேன், ஒன்றுமில்லை என்று சொல்லுங்களேன் என்று மனசுக்குள் அடித்துக்கொண்டாள்.

ஜெக்கரியாவுக்கு என்ன தெரியும்? வேலையைப் பற்றி எவர் கேட்டாலும் அவர் வாய் தானாக ஓடும்.

"கெடக்காம இருக்குமா? நானா வுடுவேன்? ஒரு தூசி இல்லாம நோண்டி எடுத்துட்டேன். என்ன கெடந்துச்சு, எங்கேருந்து வந்துச்சு, எல்லாம் கல்லே எங்கிட்ட சொல்லிடும்."

"எடுத்தத என்ன பண்ணுனீங்க?"

"நம்மகிட்ட எதுவும் வீணாப் போவாது. பத்திரமா இருக்கு" என்று ஜெக்கரியா சிரித்தார்.

ரெத்தினம் சிரிக்கவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "ஐயா ஒங்க வேலையப் பத்தித்தான் எப்பவும் பேசுறாரு. தடிய நீங்களே நேர்ல கொண்டாந்து குடுக்கணுமாம். நாளைக்குப் பொழுது சாய வாங்க. வேட்டி துண்டு வச்சுக் குடுக்கணும்னு ஆசைப்படுறாரு."

அவர் தலை மறைந்ததும் ரஹ்மத் பீவி திரையை விலக்கிக்கொண்டு வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லைப் புருஷன் கையில் வைத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். முதலில் அவர் நம்பவில்லை. பிறகு பூதக்கண்ணாடியை எடுத்துச் செருகிக்கொண்டு சில்லைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக நிஜமாகவே ஒரு கல்லைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். கண்ணாடி கண்ணிலிருந்து நழுவி விழுந்தது.

"நீங்க போவாதீங்க. நான் ரெத்தினத்துக்கிட்ட வந்து சொல்றேன், வேலை செஞ்சது நான்தான், ஒங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு. அழுக்கோட அழுக்கா எல்லாத்தையும் ஊத்திட்டேன்னு சொல்றேன். திரைக்குப் பின்னாடி இருக்கிற பொம்பளைய அவங்க ஒரு ஆளாக்கூட நெனைக்க மாட்டாங்க."

"நீ வந்து சொல்லுவியா?" ஜெக்கரியாவின் முகம் சிவந்தது. "இத்தினி வருஷமாப் பொண்டாட்டி கைவேலைய எம்பேருல வித்துத் தின்னேன்னு ஊரு காறித் துப்பணுமா?"

"துப்பட்டுமே. நீங்க இருப்பீங்க."

அவர் குனிந்து கீழே கிடந்த கண்ணாடியை எடுத்தார். பேசியபோது குரல் இறங்கியிருந்தது. "அதுக்கு மட்டும் இல்ல ரஹ்மத்து. தெரிஞ்சது ஒனக்குன்னு அவனுக்குத் தெரிஞ்சா, அடுத்தாப்புல ஒன்னத் தேடித்தானே வருவான்? நான் போயி, ஒண்ணும் இல்ல, சும்மா பெருமைக்குப் பேசிட்டேன்னு கால்ல வுழுந்துட்டு வந்துர்றேன். போவாம இருந்தாத்தான் சந்தேகம். எம்மேல சத்தியம், நீ வெளில வரக் கூடாது."

சத்தியம் வாங்கிக்கொண்டுதான் விட்டார். அதில் பெருமை பாதி, பாசம் பாதி; எது எவ்வளவு என்று அவருக்கே தெரிந்திருக்காது. ரஹ்மத் பீவி அடங்கிப்போனாள். அடங்கிப்போய்த்தானே அந்த வீட்டில் எல்லாம் நடந்துகொண்டிருந்தது.

அன்றைக்குச் சில்லைத் திரும்ப முந்தானையில் முடிந்துகொண்டு, உட்கார்ந்து யாளிக்குக் கண் வைத்தாள். ஒரு கண் மட்டும்தான் கெட்டிருந்தது. ஆனால் மற்றதையும் கழற்றினாள். இரண்டுக்கும் புதுத் தகடு வெட்டி வைத்தாள். அரக்குச் சட்டியை அடுப்பிலேற்றப் போனவள் நிறுத்திவிட்டாள். மாடத்தில் வேலம்பிசின் இருந்தது. காய்ந்துவிட்டால் அரக்கு மாதிரியே கெட்டியாக நிற்கும். மழைத்தூறலுக்கும் கைவேர்வைக்கும் அசையாது. ஆனால் முங்க வைத்தால் கரைந்து உள்ளே தண்ணீரை விட்டுவிடும். அத்தா இருந்திருந்தால் கையை உடைத்திருப்பார். அந்தப் பிசினை வைத்துத்தான் இரண்டு கண்ணையும் ஒட்டினாள். இந்தத் தடி இன்னொருமுறை தண்ணீருக்குள் போனால் அது தனக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தாள். தண்ணீருக்குள் போவது யாரோடு என்று நினைத்துப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் பிற்பகல் அசர் தொழுகை முடிந்து ஜெக்கரியா சைக்கிளை எடுத்தார். பயத்தை மறைக்கத் தெரியாத மனிதர், பேசி மறைத்தார். டீக்கடையில் நிறுத்தி, துணியைப் பிரித்து, யாளியை வெயிலில் திருப்பித் திருப்பி எல்லாருக்கும் காட்டினார். இரண்டு கண்ணும் நெருப்புக்கங்காக எரிந்தன. "பாத்துக்குங்க, இந்த ஜில்லாவுல எவன் செய்வான்?" என்று அவர் சொன்னது வீட்டு ஜன்னல்வரை கேட்டது. பிறகு ஆற்றங்கரைப் பாதையில் சைக்கிள் போயிற்று. அவருடைய வெள்ளைச் சட்டை நாணலுக்குள் மறைகிறவரை ரஹ்மத் பீவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொழுது சாய்ந்தது. மக்ரிபு பாங்கு சொன்னார்கள். சோற்றை மூடி வைத்துவிட்டு வாசல்படிக்கு உள்ளே உட்கார்ந்தாள். தெருவில் ஒவ்வொரு சைக்கிள் மணிக்கும் எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். விடிந்தும் வரவில்லை.

ஆற்றுத் தண்ணீரைத் திருப்பிவிடுகிற சட்ரஸ் பக்கத்தில், மதகுப் பலகையில் இடித்துக்கொண்டு கிடந்தாராம். சைக்கிள் கரையில் சரிந்து கிடந்ததாம். இருட்டில் வழுக்கி விழுந்துவிட்டார் என்று போலீஸ் சொன்னது. அதே போலீஸ். கொண்டுவந்து கூடத்தில் போட்டபோது ரஹ்மத் பீவி அழவில்லை. அவருடைய விரல்களைத்தான் பார்த்தாள். எண்ணெய் தடவி நீவிவிடுகிற விரல்கள், நகக்கண்ணெல்லாம் கரைமண். ஏற முயன்றிருக்கிறார்.

நீ வெளியே வரக் கூடாது என்ற சத்தியத்துக்கு மேல் இப்போது இத்தாவும் சேர்ந்துகொண்டது. புருஷனை இழந்தவள் இத்தா முடிகிறவரை அந்நிய ஆண் முகத்தில் விழிக்கக் கூடாது. உள்ளறையில் வெள்ளைத் துணியில் அவளை உட்கார வைத்தார்கள். மணிச்சில்லை அந்த வெள்ளை முந்தானைக்கு மாற்றி முடிந்துகொண்டாள்.

மூன்றாம் நாள் பாத்திஹா ஓத வாசலில் சாமியானா போட்டிருந்தது. ஜமாத்துப் பெரியவர்கள், கடைத்தெருக்காரர்கள், டீக்கடை ஆட்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்ச்சாரியில் ராசம்மாளும் சேரி ஆட்களும் தள்ளி நின்றார்கள். அப்போது பிளசர் கார் வந்து நின்றது. இலுப்பைக்கோட்டகத்து மிராசு துக்கம் கேட்க வந்திருந்தார். ரெத்தினம் பின்னால் வந்தார். நாற்காலி போட்டார்கள்.

"நல்ல மனுஷன். அன்னிக்கு வந்தாரு. தடியக் குடுத்தாரு. வேட்டி துண்டு வச்சுக் குடுத்தேன், சந்தோஷமாப் போனாரு" என்றார் மிராசு. கனத்த, நிதானமான குரல். "அதுலேருந்து எனக்கு மனசே சரியில்ல. இந்தத் தடியக் கையால தொடவே இல்ல. பீரோவுல வச்சுப் பூட்டுனது, இன்னிக்கு அவரு வீட்டுக்கு வர்றமேன்னுதான் எடுத்தாந்தேன்."

உள்ளறைத் திரையில் ஒரு கிழிசல் உண்டு. இத்தனை வருஷமும் வாடிக்கைக்காரர்கள் கொண்டுவரும் கல்லை அதன் வழியாகத்தான் ரஹ்மத் பீவி முதலில் பார்ப்பாள். இப்போதும் கண்ணை வைத்தாள். மிராசுவின் முகத்தைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த தடியைப் பார்த்தாள்.

யாளிக்கு இரண்டு கண்ணும் செத்திருந்தன.

பக்கத்தில் இருந்த பெண்கள் பிடிப்பதற்குள் அவள் எழுந்துவிட்டாள். திரையை விலக்கிக்கொண்டு கூடத்தைக் கடந்து, வாசல்படியைத் தாண்டி, அத்தனை ஆண்களுக்கும் நடுவில் வெள்ளைத் துணியோடு வந்து நின்றாள். "இத்தாவுல இருக்கிறவ, என்ன இது!" என்று ஒரு பெரியவர் பதறி எழுந்தார். அவள் காதில் விழவில்லை. நேராகப் போய் மிராசுவின் மடியிலிருந்து தடியை எடுத்தாள். அந்த மனிதர் கொடுக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. ஒரு பெண் தன் கையிலிருந்து எதையாவது எடுப்பாள் என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

"இது என் கைவேலை" என்றாள் ரஹ்மத் பீவி. "இது மட்டும் இல்ல. இந்த வீட்டுலேருந்து போன ஒவ்வொரு கல்லும் நான் வெட்டுனது. எம் புருஷனுக்கு ஊசி புடிக்கக்கூடத் தெரியாது. அவருக்கு ஒண்ணுமே தெரியாது."

தடியை எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தாள்.

"அவரு போறப்ப இதுக்கு ரெண்டு கண்ணும் எரிஞ்சுது. டீக்கடையில நீங்க எல்லாரும் பாத்தீங்க. பீரோவுல பூட்டி வச்சதா இவரு சொல்றாரு. அரக்குக்குப் பதிலா பிசின் வச்சு ஒட்டுனேன் நான். தண்ணியில முங்குனாத்தான் அது கரையும்."

இடதுகையால் தலைமுடி ஊசியை உருவினாள். யாளியின் கண்ணுக்கு அடியில் கொடுத்து நெம்பினாள். கெம்பு கழன்று விழுந்தது. குழிக்குள்ளிருந்து கலங்கல் தண்ணீர் வழிந்து, அவள் உள்ளங்கையில் ஒரு சொட்டாக நின்றது. கொஞ்சம் வண்டலும் வந்தது. கையை அப்படியே நீட்டிக்கொண்டு ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்றாள். பெரியவர் பார்த்தார். டீக்கடைக்காரர் பார்த்தார். ரெத்தினம் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, மணிச்சில்லை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து ராசம்மாளிடம் போனாள். "ஒம் புருஷன் கழுத்துல இருந்தது. இந்த வாய்க்குள்ள இருந்துச்சு" என்று அவள் கையில் வைத்து மூடினாள். ராசம்மாள் அந்தக் கையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள்.

அப்போதுதான் ரஹ்மத் பீவிக்கு அழுகை வந்தது. நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டாள்.

"அன்னிக்கே நான் வெளில வந்திருக்கணும்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "அன்னிக்கு வந்து இதைச் சொல்லியிருந்தா எம் புருஷன் இருந்திருப்பாரே. பேரு போயிருக்கும், மனுஷன் இருந்திருப்பாரே."

மிராசு எழுந்தார். காருக்குப் போகிற வழியில் சேரி ஆட்களும் கடைத்தெருக்காரர்களும் நின்றார்கள். யாரும் கையை ஓங்கவில்லை. யாரும் வழியும் விடவில்லை. தடி ரஹ்மத் பீவியின் மடியில் கிடந்தது. அவர் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.